சாக்குக் கட்டிய விளக்கு

வலையில் சிக்கிய மீனைக் கழற்றக் கண் தேவையில்லை, விரல் போதும். கிழக்கு வெளுக்குமுன்பே முனைக்கரைப் பெண்கள் ஈர மணலில் சாக்கை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். படகு வந்து சேர்ந்ததும் வலைக் குவியல் மடியில் ஏறும். செவுள் இறுகிய சூடையை நசியாமல் இழுக்க வேண்டும். நசிந்ததை வியாபாரி தொடமாட்டான். நண்டு என்றால் கால் ஒடியக் கூடாது. உப்பும் ஐஸ் தண்ணீரும் ஊறி ஊறி, விடிவதற்குள் விரல்கள் மரத்துவிடும். மரத்த பிறகுதான் வேலை வேகம் பிடிக்கும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்த கொடுமையான உண்மை.

சுபாஜினி வவுனியாப் பக்கத்திலிருந்து கணவன் மயூரதனோடு இந்தக் கரைக்கு வந்து எட்டு வருடமாகிறது. அவன் அருட்செல்வனின் படகில் கூலிக்குக் கடலுக்குப் போனான். இவள் அதே படகின் வலையில் மீன் கழற்றினாள். வந்த புதிதில் "வந்தாங்க, போனாங்க" என்று கதைத்து எல்லாரையும் சிரிக்க வைத்தவள், இப்போது "வந்தவை, போனவை" என்று ஊர்க்காரிகளுக்கே ஈடுகொடுக்கிறாள். ஆனால் ஊர்க்காரி என்பது வாய்ப்பேச்சோடு சரி. அவர்களது கொட்டில் வீடு நிற்பது கடற்றொழிலாளர் சங்கத்தின் நிலத்தில். சொந்தப் படகு உள்ளவனுக்குத்தான் அந்தச் சங்கத்தில் பேர். பேரில் மட்டும் தொழிலாளர் சங்கம். கூலிக்குப் போகிறவன் ஒருவனும் அதில் இல்லை.

அன்று பெண்களின் மடியில் கிடந்தது முதல்நாள் பிந்தி வந்த வலையின் மிச்சம். மற்றப் படகுகள் எல்லாம் விடியலுக்குக் காத்து, விளக்கு மினுங்கக் கடலிலேயே கிடந்தன. மயூரதன் போன படகைத்தான் காணவில்லை.

"உவங்களும் விடியட்டும் எண்டு பாருக்கு வெளியிலை நிக்கிறாங்களாக்கும்," என்றாள் பத்மாசினி. அந்தப் பெண்களில் மூத்தவள், முனைக்கரையில் பிறந்தவள், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள்.

"நிண்டால் அருள் அண்ணை விடுவாரே அக்கா? யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்குப் போற லொறி தவறிப்போச்சு எண்டு நேற்று எவ்வளவு பேச்சுப் பேசினவர்," என்றாள் சுபாஜினி, குனிந்த தலை நிமிராமல்.

முனைக்கரைக் கடலில் கரையோடு சேர்ந்து நீளமாக, நீர்மட்டப் பாறை வரிசையாகக் கற்பார் ஓடுகிறது. படகு வந்துபோக அதில் ஒரேயொரு வாசல். இருட்டில் அந்த வாசலைப் பிடிக்கக் கரையில் விளக்கு எரிய வேண்டும். அதை நேரே பார்த்து வந்தால் உள்ளே நுழையலாம். கொஞ்சம் விலகினால் கல். பழைய விளக்கு மங்கல்தான், ஆனாலும் எரிந்தது. புதியது வருகிறது என்று அதைக் கழற்றினார்கள். சொன்னபடி புதியதும் வந்தது. உயரமான இரும்புக் கம்பத்தில் பூட்டி, கரண்ட் இழுத்து, ஒரு மாலை எரியவிட்டுப் பார்த்தபோது கரை முழுவதும் பகலாகிப்போனது. மறுநாளே அருட்செல்வன் ஆளை ஏற்றி அதற்கு கோதுமை மாச்சாக்குக் கட்டுவித்தான். அமைச்சர் வந்து திறந்து வைக்கும்வரை அது எரியக் கூடாதாம். ஏற்கெனவே எரிகிற விளக்கைத் திறந்து வைக்க அமைச்சருக்கு என்ன விசரா? நாள் குறித்து, நாள் தள்ளி, கடைசியில் மறுநாள் வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது.

வானம் சாம்பல் நிறமானபோது எமில்ராஜ் வந்தான். படகை ஓட்டிப்போனவன், கரையோரமாக நடந்து வந்தான். பின்னால் நாலு பேர் ஒரு வலைத்துண்டில் மயூரதனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"வாசல் தெரியேல்லை அக்கா," என்றான் எமில்ராஜ் பத்மாசினியைப் பார்த்து. சுபாஜினியைப் பார்க்க அவனால் முடியவில்லை. "கல்லிலை அடிச்சு போட் பிரண்டிட்டுது. அவன் கல்லுக்கும் போட்டுக்கும் நடுவிலை அகப்பட்டிட்டான்."

சுபாஜினியின் கையில் பாதி கழன்ற சூடை ஒன்று இருந்தது. அதைக் கழற்றிக் கூடைக்குள் போட்டாள். அடுத்ததைப் பிடித்தாள். அதையும் கழற்றினாள். பத்மாசினி பாய்ந்து வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு பிள்ளை. வலையை விடடி."

"இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு அக்கா."

அவள் அப்படிச் சொன்னதைக் கேட்டுத்தான் மற்றப் பெண்கள் கத்தி அழத் தொடங்கினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரவில்லை. மரண விசாரணைக்காரர் கேட்டதற்கெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சரியாகப் பதில் சொன்னாள். கணவனின் வயதைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். எல்லாம் வேறு யாரோ ஒருத்தியின் வீட்டு விஷயம் போலவே இருந்தது.

மத்தியானம் பிணவறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பக்கத்தில் அருட்செல்வன் வந்து உட்கார்ந்தான். வந்திருந்த எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். சங்கத் தலைவர், பிரதேச சபை உறுப்பினர், நாலு படகுக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி. யாருடைய பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். செத்தவீட்டுக்கு முதல் ஆளாகப் போவான். கடைசி ஆளாகத்தான் திரும்புவான். வாக்குகள் எங்கே விளைகின்றன என்று தெரிந்தவன்.

"தங்கச்சி, நடந்தது நடந்திட்டுது. செலவு முழுக்க என்ரை. வாகனமும் பிடிச்சிட்டன். இவனை நேரை வவுனியாவுக்குக் கொண்டுபோங்கோ. தாய் தேப்பன் அங்கைதானே? பெத்ததுகள் முகம் பாக்க வேணுமெல்லே."

அவள் அவனுடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முனைக்கரைக்குக் கொண்டுவந்தால் வீண் கரைச்சல். நாளைக்கு அமைச்சர் வாறார். எல்லாப் போட்டும் கொடி கட்டிக்கொண்டு வெளியிலை போய் அவரைக் கூட்டிக்கொண்டு வர வேணும். உனக்கு விளங்கும்."

விளங்கியது. முனைக்கரையில் ஓர் உயிர் போனால், பிணம் சுடலைக்குப் போகும்வரை படகு கடலில் இறங்காது. ஒலிபெருக்கியில் பாட்டுப் போகாது. கோயில் மேளம்கூட உறைக்குள் இருக்கும். 'கடலை நிப்பாட்டுறது' என்று அதற்குப் பேர். அதை மீறியவனின் வீட்டுச் சாவுக்கு ஒருவரும் போகமாட்டார்கள்.

அருட்செல்வனுக்கோ கடல் நிறையப் படகு வேண்டும். பிரதேச சபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. சபையின் தலைமை நாற்காலியான தவிசாளர் கதிரைக்கு அவனும் இன்னொருவனும் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அமைச்சரின் ஆட்கள் யாருக்குக் கை தூக்குவார்களோ அவனுக்குத்தான் கதிரை. கரை முழுக்க இவன் பக்கம் என்று அமைச்சர் கண்ணால் கண்டால் காரியம் முடிந்துவிடும்.

"நான் கதிரையிலை இருந்தால் வீட்டுத்திட்டத்திலை முதல் வீடு உனக்குத்தான். ஆரபிக்கு அப்பன் இல்லாத குறை தெரியவிடமாட்டன்," என்றான். மகளின் பேரைக்கூட மறக்காமல் சொன்னான்.

"ஓம் அண்ணை," என்றாள் சுபாஜினி.

எட்டு வருடமாக அவன் என்ன சொன்னாலும் அவள் சொல்கிற அதே ஓம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பின்னேரம் சவப்பெட்டியோடு வாகனம் முனைக்கரையில் நின்றது. பத்மாசினி வீட்டிலிருந்த ஆரபியையும் மாற்றுடுப்பையும் ஏற்றிக்கொண்டு அப்படியே வவுனியாவுக்குப் போவதாக ஏற்பாடு. எஞ்சினை நிறுத்தவே வேண்டாம் என்று சாரதிக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் கொட்டிலைச் சுற்றி அதற்குள் சனம் கூடிவிட்டது. மீன் கழற்றும் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். கூலிக்குக் கடலுக்குப் போகிற ஆண்கள் கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பெட்டியை இறக்காமல் எங்கையடி கொண்டுபோறாய்?" என்று கேட்டாள் பத்மாசினி.

"வவுனியாவுக்கு. அருள் அண்ணை சொன்னவர். நானும் ஓம் எண்டிட்டன்."

"நாளைக்குப் போட் ஓட வேணும், அதுக்காகச் சவத்தை ஊர் கடத்துறானோ? நீயும் ஓம் எண்டனியோ?"

சுபாஜினி ஆரபியின் சட்டைகளைப் பையில் அடைத்தாள். ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்பவும் மடித்தாள்.

அப்போதுதான் எமில்ராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தான். நெற்றியில் பிளாஸ்ரர். விடிந்ததிலிருந்து ஒன்றும் தின்னாதவன்.

"உனக்கு ஒண்டு சொல்ல வேணும் தங்கச்சி. போன கிழமை நானும் மயூரதனும் போய்ச் சம்மாட்டியைக் கேட்டனாங்கள். சாக்கை அவிழ்த்துவிடுங்கோ, அமைச்சர் வாற அண்டைக்குத் திரும்பக் கட்டுவம் எண்டு. அவன் தானே ஏறி அவிழ்க்கிறன் எண்டும் சொன்னவன்."

"அதுக்கு அவர்?"

"சாக்கிலை கை வைக்கிறவன் பேந்து என்ரை போட்டிலை கால் வைக்கத் தேவையில்லை எண்டார். விடியும்வரை பாருக்கு வெளியிலை நிக்கட்டோ எண்டு கேட்டன். லொறி உனக்காகக் காத்துக்கொண்டு நிக்காது எண்டார்."

மயூரதன் இதை அவளிடம் சொல்லவில்லை. அந்த நாள் எது என்று யோசித்துப் பார்த்தாள். வழக்கம்போல வந்திருப்பான், சாப்பிட்டிருப்பான், மகளோடு விளையாடியிருப்பான். இவள் பயப்படக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு இருட்டுக்குள் போய்வந்திருக்கிறான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பையை மட்டும் கீழே வைத்தாள்.

வாகனத்தின் பின்பக்கம் போனாள்.

"இறக்குங்கோ."

"அக்கா, வவுனியா எண்டுதான் அவர் சொன்னவர்," என்றான் சாரதி.

"அவர் சொன்னவர்தான். இப்ப நான் சொல்லுறன். இவர் இந்தக் கடலிலை செத்தவர். இந்தக் கரையிலைதான் எரிய வேணும். தாய் தேப்பனை இஞ்சை கூப்பிடுவம். இறக்குங்கோ."

எமில்ராஜ் முதலில் கை வைத்தான். தள்ளி நின்ற ஆண்கள் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரம் அருட்செல்வன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். செருப்பைக் கழற்றி, பெட்டிக்கு முன்னால் நின்று கும்பிட்டான். அதில் அவன் ஒருபோதும் குறை வைப்பதில்லை. பிறகு தகரப் பந்தலுக்குக் கீழே இருந்த ஆண்களின் பக்கம் திரும்பினான்.

"சரி, கொண்டுவந்திட்டியள். எடுக்கிறது நாளைக்குப் பின்னேரம்தானே. ஆனால் விடியப் போட் போகும். சங்கத்திலை பேர் உள்ளவன் செத்தால் கடலை நிப்பாட்டுறம். பேர் இல்லாதவனுக்கு நிப்பாட்டுற வழக்கம் இஞ்சை இல்லை."

எப்போதும் சொல்லை நிறுத்துப் பார்த்துக் கதைக்கிற மனுஷன். அன்றைக்கு அவசரத்தில் தவறிவிட்டான். வெளியூர்க்காரன் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் தலையாட்டியிருப்பார்கள். பந்தலுக்குக் கீழே இருந்தவர்களில் சங்கத்தில் பேர் உள்ளவன் ஒருவனும் இல்லை. நாளைக்குத் தான் செத்தாலும் இதே கதைதான் என்று ஒவ்வொருவனும் தனக்குத்தானே விளங்கிக்கொண்டான்.

"கொப்பர் பொன்னம்பலத்துக்கு எந்தச் சங்கத்திலை பேர் இருந்தது, அருள்?" என்று பெண்களுக்கு நடுவிலிருந்து கேட்டாள் பத்மாசினி.

அந்தக் கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். அருட்செல்வனின் தகப்பன் பொன்னம்பலம் கடைசிவரை முத்துக்குமாருச் சம்மாட்டியின் கூலியாள். அவர் செத்த அன்று, கூலிக்காரனுக்குக் கடல் நிற்காது என்று சம்மாட்டி படகை இறக்கச் சொன்னார். இளந்தாரியான அருட்செல்வன் படகுக்கு முன்னால் மணலில் குறுக்கே படுத்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன் படுத்தான், பிறகு ஊரே படுத்தது. அன்று மணலிலிருந்து எழும்பியவன்தான் சங்கத்துக்குச் செயலாளராகி, தலைவராகி, படகு வாங்கி, சபைக்குப் போனான்.

அருட்செல்வன் கவிழ்த்துக் கிடந்த கூடை ஒன்றில் மெல்ல உட்கார்ந்தான்.

"படுத்தனான்தான். இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் மணலிலை படுத்துக்கொண்டு கிடந்து ஒண்டும் கிடையாது எண்டது பேந்துதான் விளங்கினது. அதிகாரம் இருக்கிறவன்ரை கையாலைதான் எல்லாம் வரும். அவனைப் பிடிக்க வேணும், அவனுக்குச் சிரிக்க வேணும், அவன்ரை பேரிலை விளக்குக் கொளுத்த வேணும். கதிரை என்ரை கைக்கு வந்தால் ஒரு லைற் இல்லை, பத்து லைற் போடலாம். இறங்குதுறை கட்டலாம். மற்றவன் பிடிச்சானெண்டால் இந்தக் கரையை ஒருத்தனும் திரும்பிப் பாரான். உங்களுக்காகத்தானே இவ்வளவும்? ஒரு நாள் பொறுங்கோ எண்டுதானே கேக்கிறன்."

பொய் சொல்லவில்லை அவன். சொன்னதை முழுக்க நம்பினான். அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

சுபாஜினி பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழும்பி வந்தாள். குரல் தட்டையாக, கறிக்கு உப்புக் கேட்பதுபோல இருந்தது.

"பொறுத்தவர்தானே அண்ணை. நீங்கள் பொறுக்கச் சொன்னியள், அவர் சாக்கை அவிழ்க்காமல் பொறுத்தவர். பொறுத்ததாலைதான் இப்பிடிக் கிடக்கிறார்."

அருட்செல்வன் அவளைப் பார்த்தான். அவளுக்குக் கதைக்கத் தெரியும் என்பதே அவனுக்குப் புதினம்.

"உனக்கு ஆரோ சொல்லித் தந்திருக்கினம்," என்று எழும்பினான். இப்போது குரலில் தேன் இல்லை. "இந்தக் கொட்டில் ஆரின்ரை நிலத்திலை நிக்குது எண்டதை மறக்காதை. எமில், விடிய மற்றப் போட்டின்ரை எஞ்சினைக் கரைக்குக் கொண்டுவா. வராதவன் வேறை சம்மாட்டியைத் தேடிக்கொள்ளலாம். மற்றச் சம்மாட்டிமாரும் என்ரை சொல்லுக் கேப்பினம் எண்டது உங்களுக்குத் தெரியும்."

"எஞ்சின் வராது அண்ணை," என்றான் எமில்ராஜ்.

மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது. 'வராது' என்று வாயால் சொல்வது சுகம். விடிந்தால் அடுப்பு எரிய வேண்டும். ஜெனிஸ்ரன் என்கிற பெடியன்தான் முதலில் வாய் திறந்தான்.

"எனக்குப் போன மாதம்தான் பிள்ளை பிறந்தது. வேலை போனால் என்ன செய்யிறது? கோவிக்காதேங்கோ, நான் போட்டுக்குப் போகத்தான் வேணும்."

ஒருவரும் கோபிக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு எழும்பிப் போனான். போகிறவனைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் எழும்பினார்கள். பத்மாசினி அவர்களைத் தடுக்கவில்லை, தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள். எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எமில்ராஜுக்குத் தெரியவில்லை. சுபாஜினி பெட்டியின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஒருக்கா அழடி, நெஞ்சு வெடிச்சுப் போகும் என்று பெண்கள் மாறி மாறிச் சொன்னார்கள். அழத்தான் பார்த்தாள். முடியவில்லை.

நடுச்சாமம் தாண்டிச் சேவல் கூவிற்று. எஞ்சின்கள் கத்துகிற நேரம் வந்தது. தோளில் எஞ்சினைச் சுமந்து ஆண்கள் மணலில் இறங்குவதும், ஏலேலோ சொல்லித் தள்ளுவதும், ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சின்கள் உறுமுவதும் எட்டு வருடமாக அவளை எழுப்பிய சத்தம். அதற்காகக் காது காத்திருந்தது. ஒன்று கேட்டால் போதும், எல்லாம் போயிற்று. ஒரு படகு இறங்கினால் மயூரதன் யாருமில்லாதவனாகச் செத்தவன்.

சத்தம் வரவில்லை. வெளுத்த பிறகும் வரவில்லை. கடல் அலைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மயூரதனுக்காகக் கடல் நிற்கிறது என்று அவள் நினைத்த கணத்தில் எங்கிருந்தோ ஒரு கேவல் கிளம்பியது. அது தன்னுடையதுதான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பத்மாசினி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அழுது தணிந்து வாசலுக்கு வந்தபோது கரை முழுவதும் சனம். கொடி கட்டிய படகுகள் வரிசையாக மணலில் கிடந்தன. கூலிக்காரர்கள் தண்ணீருக்கும் படகுக்கும் நடுவே குந்தியிருந்தார்கள். மீன் கழற்றும் பெண்கள் வெறும் மடியோடு இருந்தார்கள். மற்றச் சம்மாட்டிமார் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ஆளில்லாமல் என்ன செய்வது என்று விழித்துக்கொண்டு நின்றார்கள். அமைச்சருக்குப் போட்ட மேடைப் பக்கம் ஒலிபெருக்கிக்காரன் பாட்டுப் போடுவதா விடுவதா என்று யாரையாவது கேட்கத் தேடினான். பொலிஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது.

"என்ன பிரச்சினை?" என்று கேட்டார் இறங்கியவர்.

"பிரச்சினை ஒண்டுமில்லை சேர். செத்தவீடு," என்றாள் பத்மாசினி. "இண்டைக்குக் கடல் இல்லை."

அருட்செல்வன் தன் வீட்டிலிருந்து எஞ்சினைத் தானே தோளில் சுமந்துகொண்டு வந்தான். வெள்ளை வேட்டி முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தது. பழைய கூலிக்காரன் அல்லவா, எஞ்சினைப் பூட்ட அவனுக்கு ஒருவரும் தேவைப்படவில்லை. பூட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ஒரு படகு கடலில் இறங்கினால் மற்றவை பின்னால் வரும் என்பது அவனுக்குத் தெரியும். முன்பு ஒரு காலத்தில் அதைத் தடுக்கத்தான் படுத்தவன்.

"ஜெனிஸ்ரன்!" என்று கூப்பிட்டான்.

ஜெனிஸ்ரன் சொன்னபடி வந்திருந்தான். கூட்டத்திலிருந்து பிரிந்து மணலில் இறங்கி நடந்தான். கரையே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. படகுக்குக் கிட்டப் போனான், முன்பக்க அணியத்தைத் தொட்டான். அங்கேயே நின்றான். பிறகு, "என்னாலை ஏலாது அண்ணை," என்று சொல்லிவிட்டு எமில்ராஜுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான். முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

அருட்செல்வன் இன்னும் சில பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிள்ளைகளின் பேரைச் சொல்லியும் கூப்பிட்டான். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டுப் படகின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்தான். படகு ஒரு சாண் நகர்ந்து மணலில் புதைந்தது. மூச்சு வாங்கினான். திரும்பவும் தள்ளினான். கொடிகள் ஆடின, படகு அசையவில்லை.

தெருப்பக்கம் அமைச்சரின் ஆட்கள் வரும் வாகனங்களின் ஹோர்ண் சத்தம் தூரத்தில் கேட்டது. நாளைக்கு வேலை இருக்குமா, கொட்டில் இருக்குமா, சாக்கை யார் அவிழ்ப்பார்கள், ஒன்றும் தெரியாது. சுபாஜினி வாசலிலிருந்து நாலு அடி இறங்கி மணலில் நின்றாள். அவனைப் பார்க்க அவளுக்கு வெறுப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"அண்ணை," என்று கூப்பிட்டாள். "விடுங்கோ அண்ணை. போட்டைத் தனியத் தள்ள ஏலாது."

அவன் தோளை எடுக்கவில்லை. மணலில் குந்தியிருந்தவர்களில் ஒருவரும் எழும்பவும் இல்லை.